கிழக்கு இங்கிலாந்தின் சமவெளியில் சைக்கிள்: வாகனங்கள் இல்லாத பாதைகளில் முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேம்பிரிட்ஜுக்கு வடக்கே விரியும் ஃபென்ஸ் சமவெளியில் ஏற்றம் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. சில இடங்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்தவர்கள் அந்தத் தட்டை நிலத்தைப் பார்த்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப நினைப்பது இயல்பு. கிளம்பத்தான் வேண்டும். ஆனால் இங்கே ஒரு பயணத்தை எளிதாகவோ கடினமாகவோ ஆக்குவது மேடு பள்ளம் அல்ல. அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்ட உங்களுக்கு உரிமை இருக்கிறதா, மண் காய்ந்திருக்கிறதா, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, திரும்பி வர ரயில் உண்டா என்ற நான்கும்தான்.

இந்த நான்குக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைப்பதில்லை. கொஞ்சம் வரைபடத்தின் ஓரக் குறிப்புகளில் இருக்கிறது, கொஞ்சம் ரயில் நிறுவனங்களின் விதிகளில், மீதி உள்ளூர்க்காரர்களின் அனுபவத்தில். நான் அலைந்து திரிந்து சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். நீங்கள் அலைய வேண்டாம்.

1. பாதை யாருக்கு உரியது என்று முதலில் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். வயல்களுக்கு நடுவே போகும் எல்லாப் பாதைகளும் சைக்கிளுக்கு உரியவை அல்ல. கம்பங்களிலும் கதவுகளிலும் இருக்கும் சிறிய அம்புக்குறியின் நிறத்தைக் கவனியுங்கள்.

மஞ்சள் அம்பு என்றால் பப்ளிக் ஃபுட்பாத். நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் பிரைடில்வே. இதில் நடப்பவர்களும் குதிரை ஓட்டிகளும் சைக்கிளோட்டிகளும் போகலாம். ஊதா அம்பும் சிவப்பு அம்பும் பைவே என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றிலும் சைக்கிளுக்கு அனுமதி உண்டு, ஆனால் சிவப்பு அம்பு உள்ள வழியில் கார், மோட்டார் சைக்கிள், டிராக்டர் எல்லாமே வரலாம்.

பிரைடில்வேயில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. அதே சட்டத்தில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் நீங்கள் வழிவிட வேண்டும். அந்தப் பாதையைச் சைக்கிளுக்கு ஏற்றபடி பராமரிக்கும் கடமை யாருக்கும் கிடையாது. இந்த இரண்டாவதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பிரைடில்வே என்று இருப்பதாலேயே அது ஓட்டத்தக்க பாதை ஆகிவிடாது. உழுத வயலின் நடுவே முழங்கால் உயரப் புல்லோடும் அது இருக்கலாம்.

பெரிய பொறி ஒன்று இங்கே உண்டு. ஃபென்ஸ் முழுவதும் ஆறுகளின் இருபுறமும் உயரமான வெள்ளத் தடுப்புக் கரைகள் ஓடுகின்றன. மேலே அகலமான புல்தரை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நேர்கோடு. சைக்கிளுக்கென்றே போட்ட பாதை போலத் தோன்றும். ஆனால் ஈலி நகரிலிருந்து வடக்கே கிங்ஸ் லின் பக்கம் போகும் கரைகள் உட்படப் பெரும்பாலானவை ஃபுட்பாத். அவற்றில் ஓட்டுவது பொதுவாகக் குற்ற வழக்கு ஆகாது என்றாலும் அத்துமீறல்தான். நில உரிமையாளர் உங்களைத் திருப்பி அனுப்பலாம். ஊருக்குள் சாலையோர நடைமேடையில் ஓட்டினால் சட்டப்படியே குற்றம், 50 பவுண்ட் அபராதம் விதிக்கலாம். நீல வட்டத்தில் நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து இருக்கும் பலகை உள்ள இடத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

தேசிய சைக்கிள் வலைப்பின்னலின் வழிகளில் இந்தக் குழப்பம் குறைவு. நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எண் இருக்கும். முதல் சில பயணங்களை இந்த எண் போட்ட வழிகளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இவையும் முழுவதும் வாகனங்கள் இல்லாத பாதைகள் அல்ல, நடுநடுவே கிராமச் சாலைகள் வரும்.

2. வரைபடம் ஒன்றை நம்புங்கள், கைப்பேசியை மட்டும் நம்பாதீர்கள்

நாட்டின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரைபடங்கள் ஆரஞ்சு நிற அட்டையில் 1:25,000 அளவில் வருகின்றன. கேம்பிரிட்ஜுக்கு 209, ஈலிக்கும் நியூமார்க்கெட்டுக்கும் 226, ஹண்டிங்டனுக்கும் செயின்ட் ஐவ்ஸுக்கும் 225. அவற்றில் பச்சை நிறத்தில் சிறு கோடுகளாகப் போவது ஃபுட்பாத், நீண்ட கோடுகளாகப் போவது பிரைடில்வே. கோட்டின் நீளத்தைக் கவனிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. விலை பத்துப் பதினைந்து பவுண்டுக்குள். பெரிய பொது நூலகங்களில் இரவலாகவும் கிடைக்கும், நூலக உறுப்பினர் ஆகக் கட்டணம் இல்லை.

கைப்பேசியில் வழி தேடும்போது நடைப்பயணத்துக்கான வழியைச் சைக்கிளுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உங்களை நேராக ஃபுட்பாத்தில் கொண்டுபோய் விடும். கேம்பிரிட்ஜில் உருவான சைக்கிள்ஸ்ட்ரீட்ஸ் என்ற இலவசத் தளம் அமைதியான வழி, வேகமான வழி என்று தனித்தனியாகக் காட்டுகிறது. நான் முதலில் அதில் பார்த்துவிட்டுப் பிறகு எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தோடு ஒப்பிடுகிறேன். கிளம்பும் முன் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வயல்வெளியில் சிக்னல் வரும் போகும்.

3. சைக்கிளும் அதற்கான ஆவணங்களும்

சைக்கிள் ஓட்ட இங்கே உரிமமும் வேண்டாம், காப்பீடும் கட்டாயமில்லை, ஹெல்மெட்டும் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் ஹெல்மெட் அணியுங்கள். மின்சார சைக்கிள் என்றால் மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் உதவி வேகம் மணிக்கு 15.5 மைலுக்குள்ளும் இருக்க வேண்டும், ஓட்டுபவருக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்த வரம்பைத் தாண்டிய வண்டிகள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனங்கள். வாங்காதீர்கள்.

முதல் பயணத்துக்கு வாடகை சைக்கிள் போதும். நாளொன்றுக்குப் பொதுவாக 20 முதல் 30 பவுண்ட் ஆகும். பல கடைகளில் புகைப்பட அடையாள அட்டையும் முன்பணத்துக்கு ஒரு வங்கி அட்டையும் கேட்பார்கள். விசா விவரமெல்லாம் இணையத்துக்கு மாறிவிட்டதால் புதிதாக வந்தவர்கள் கையில் பாஸ்போர்ட்டைத் தவிர வேறு புகைப்பட அட்டை இருப்பதில்லை. அதை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் சுற்றுவது நல்லதல்ல. ஒரு கடையில் என் பாஸ்போர்ட்டின் நகலை ஏற்க மறுத்துவிட்டார்கள். இதற்கு நல்ல தீர்வு புரொவிஷனல் டிரைவிங் லைசென்ஸ், அதாவது பழகுநர் உரிமம். இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்ட். நாட்டில் குறைந்தது 185 நாட்கள் தங்க அனுமதி உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். கார் ஓட்டும் எண்ணமே இல்லாவிட்டாலும் அடையாள அட்டையாக எல்லா இடத்திலும் உதவும்.

வாங்குவதென்றால் ரோடு பைக்குக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் வகை போதும். டயரின் அகலம் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லிய டயர் போட்ட ரோடு பைக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய ஹைப்ரிட் நல்ல நிலையில் 100 முதல் 200 பவுண்டுக்குக் கிடைக்கும். பணம் கொடுக்கும் முன் பெடல்களுக்கு அடியில் சைக்கிளின் சட்டகத்தில் பொறித்திருக்கும் எண்ணை பைக்ரெஜிஸ்டர் தளத்தில் தட்டிப் பாருங்கள். களவு போனதாகப் பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். எண் சுரண்டப்பட்டிருந்தால் அந்த இடத்தைவிட்டு நகருங்கள். வாங்கிய அன்றே உங்கள் பெயரில் பதிந்துகொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் சைக்கிள் திருட்டு அதிகம், ஆகையால் சோல்ட் செக்யூர் தரச்சான்று உள்ள பூட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். புதிய சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் அலுவலகத்தில் சைக்கிள் டு வொர்க் திட்டம் இருக்கிறதா என்று கேட்கலாம். வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்திலிருந்து மாதத் தவணையாகப் போவதால் கணிசமாக மிச்சமாகும். சம்பளம் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டி இருந்தால் இதில் சேர முடியாது.

4. வழிகள்: இந்த வரிசையில் போங்கள்

முதலில் கைடட் பஸ்வே. கேம்பிரிட்ஜ் நார்த் ரயில் நிலையத்திலிருந்து செயின்ட் ஐவ்ஸ் வரை சிறப்பு பஸ் தடத்தை ஒட்டியே தார் போட்ட பாதை ஓடுகிறது. தூரம் ஏறத்தாழ 20 கி.மீ. தேசிய வலைப்பின்னலில் இது 51-ஆம் எண். வழி தவற வாய்ப்பே இல்லை. ஹிஸ்டன், ஓக்கிங்டன், லாங்ஸ்டன்டன், ஸ்வேவ்சி என்று ஊர்கள் இடைவிட்டு வருவதால் களைத்தால் திரும்பிவிடலாம். செயின்ட் ஐவ்ஸுக்கு முன்னால் ஃபென் டிரேட்டன் ஏரிகள் வருகின்றன. பறவைகள் சரணாலயம், உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம். குழந்தைகளோடு போகிறவர்கள் அதுவரை போய்த் திரும்பினாலே போதும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள். பஸ் ஓடும் கான்கிரீட் தடத்தில் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள், பஸ்கள் வேகமாகவும் அதிக ஓசையில்லாமலும் வருகின்றன. ஊர்களுக்கு இடையே தெருவிளக்கு கிடையாது. குளிர்காலத்தில் ஃபென் டிரேட்டனுக்கும் செயின்ட் ஐவ்ஸுக்கும் நடுவே பாதை நீரில் மூழ்கிவிடும். பஸ் ஓடுகிறதே என்று நம்பிப் போக முடியாது. அதன் தடம் உயரத்தில் இருக்கிறது, உங்கள் பாதை தாழ்வில். கனமழைக்குப் பிறகு அரசின் வெள்ள எச்சரிக்கைப் பக்கத்தில் அங்கே ஓடும் கிரேட் ஊஸ் ஆற்றின் நிலையைப் பாருங்கள். செயின்ட் ஐவ்ஸில் ரயில் நிலையம் இல்லை என்பதால் போன வழியே திரும்ப வேண்டும். கார்ன்வாலிலும் இதே பெயரில் புகழ்பெற்ற ஊர் இருக்கிறது, தங்கும் அறை பதிவு செய்யும்போது கவனம்.

இரண்டாவது, என் மனத்துக்கு மிக நெருக்கமானது, லோட்ஸ் வே. 11-ஆம் எண் வழியின் ஒரு பகுதி. கேம்பிரிட்ஜிலிருந்து பாட்டிஷம் வரை போய், அங்கிருந்து வயல்களுக்கும் லோட் எனப்படும் நீண்ட வாய்க்கால்களுக்கும் நடுவே விக்கன் ஃபென் சரணாலயத்தை அடைந்து, பிறகு ஈலி வரை தொடரலாம். மொத்தம் சுமார் 40 கி.மீ. கருத்த கரிமண், நாணல், தலைக்கு மேலே மறைப்பே இல்லாத வானம், தூரத்தில் ஈலி தேவாலயத்தின் கோபுரம். ஓட்டிக்கொண்டே இருந்தாலும் அது நெடுநேரம் அதே தூரத்தில் நிற்பது போல் இருக்கும். பர்வெல் ஃபென் பகுதியில் கோனிக் குதிரைகளும் நீண்ட ரோமம் கொண்ட ஹைலாண்ட் மாடுகளும் வேலியில்லாமல் மேய்கின்றன. குட்டியோடு நிற்கும் விலங்குக்கும் அதன் குட்டிக்கும் நடுவே புகாதீர்கள். இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தள்ளி நடங்கள்.

இந்த வழியில் பர்வெல் லோட் வாய்க்காலின் மேல் இருப்பது செங்குத்தான படிகள் கொண்ட பாலம். சைக்கிளைத் தூக்கியோ தள்ளியோ ஏற்றி இறக்க வேண்டும். குழந்தை இருக்கையோ டிரெய்லரோ கனமான மின்சார சைக்கிளோ இருந்தால் கூட ஒருவர் துணை இல்லாமல் முடியாது. பாட்டிஷமுக்கும் விக்கனுக்கும் நடுவே குடிநீரும் கிடையாது, நிழலும் கிடையாது. விக்கன் ஃபென் காபிக் கடை மாலைக்கு முன்பே மூடிவிடும். காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்புவது உத்தமம், வெயிலிலும் கெடாது.

மூன்றாவது மாரியட்ஸ் வே. நார்விச்சிலிருந்து எய்ல்ஷம் வரை பழைய ரயில் தடத்தின் மேல் 42 கி.மீ. ரயிலுக்காகச் சமன்செய்த தடம் என்பதால் சரிவு தெரியாது. இருபுறமும் மரங்கள் அடர்ந்திருப்பதால் திறந்த ஃபென்ஸில் அடிக்கும் காற்றும் இங்கே இல்லை. பெரும்பகுதி இறுகிய சரளை, சில இடங்களில் மண். எய்ல்ஷமிலிருந்து சிறிய நீராவி ரயிலின் தண்டவாளத்தை ஒட்டியே ப்யூர் வேலி பாதை இன்னும் 14.5 கி.மீ. போய் ராக்ஸமில் முடிகிறது. அங்கே ரயில் ஏறிக் கால் மணி நேரத்தில் நார்விச் திரும்பிவிடலாம். நிலையத்தின் பெயர் ஹவ்டன் அண்ட் ராக்ஸம், டிக்கெட் தேடும்போது இந்தப் பெயரில் தேடுங்கள். முழுத் தூரமும் ஒரே நாளில் வேண்டாம் என்றால் விட்வெல்லிலிருந்து ரீப்பம் ஊருக்குச் சாலை வழியே போய்த் தெமல்தார்ப் பக்கத்துச் சுற்றை விட்டுவிடலாம். பல கிலோமீட்டர் மிச்சமாகும்.

லிங்கனிலிருந்து பாஸ்டன் வரை விதம் என்ற ஆற்றை ஒட்டிப் போகும் 53 கி.மீ. வாட்டர் ரெயில் வேயும் தட்டையானதுதான். ஆனால் நடுவே சாலைகள் வருகின்றன, திரும்ப ஸ்லீஃபர்டில் ரயில் மாற வேண்டும். பழகிய பிறகு போங்கள்.

குளிர்காலத்தில் ஃபென்ஸை விட்டுவிட்டு தெட்ஃபர்ட் காட்டுக்குப் போங்கள். அங்கே மணல் மண், மழைநீர் உடனே இறங்கிவிடும். காட்டின் பார்வையாளர் மையமான ஹை லாட்ஜில் வாகன நிறுத்தத்துக்குக் கட்டணம் உண்டு. பாதைகளின் கடினம் நிறத்தால் குறிக்கப்பட்டிருக்கும்: பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பும் கறுப்பும் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

5. எந்த மாதம், எந்த நேரம், எந்தத் திசை

ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை மண்பாதைகள் காய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் டிரோவ் என்று வரைபடத்தில் குறித்திருக்கும் வயல்வழிகளைத் தொடாதீர்கள். டிராக்டர் உழுதுபோட்ட களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொண்டால் சைக்கிள் உருளவே உருளாது. செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை விவசாயிகள் வேலிச் செடிகளை வெட்டுகிறார்கள். வெட்டி விழுந்த முட்கள் பாதையெங்கும் கிடக்கும், பஞ்சர் அதிகமாகும் காலம் அதுதான்.

டிசம்பரில் மாலை நான்குக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் ஒன்பதுக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். சூரியன் மறைந்த பின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சமவெளியில் எதிர்க்காற்றுதான் மலையேற்றம், அதுவும் இறக்கமே இல்லாத ஏற்றம். இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. ஆகையால் கேம்பிரிட்ஜிலிருந்து ஈலிக்குச் சைக்கிளில் போய் ரயிலில் திரும்புங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். போன வழியே திரும்பும் பயணம் என்றால் உடலில் தெம்பு இருக்கும்போது எதிர்க்காற்றில் போய்விட்டு, களைத்தபின் காற்றோடு வாருங்கள். வானிலை அறிக்கையில் காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் என்றிருந்தால் மாரியட்ஸ் வேக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

6. ரயிலில் சைக்கிள்

சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வேலைநாட்களின் நெரிசல் நேரத்தில் லண்டனுக்குப் போகும், லண்டனிலிருந்து வரும் பல ரயில்களில் மடக்காத சைக்கிளை ஏற்ற முடியாது. சில நீண்டதூர ரயில்களில் முன்பதிவு கட்டாயம். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுவதால் டிக்கெட் வாங்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் சைக்கிள் பக்கத்தைப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாதைப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தி மாற்று பஸ் விடுவது வழக்கம். அந்த பஸ்களில் பொதுவாகச் சாதாரண சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஈலியில் இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. முந்தின இரவு திரும்பும் ரயில் உண்மையில் ரயில்தானா என்று பாருங்கள்.

லண்டனிலிருந்து வருகிறவர்கள் ஈலிக்கு ஆஃப்-பீக் ரிட்டர்ன் (நெரிசல் இல்லாத நேரத்துக்கான இருவழி டிக்கெட்) எடுத்து, போகும்போது கேம்பிரிட்ஜில் இறங்கிவிட்டு, திரும்பும்போது ஈலியில் ஏறலாம். ஆஃப்-பீக்கில் இப்படி இடையில் இறங்கப் பொதுவாக அனுமதி உண்டு, குறிப்பிட்ட ரயிலுக்கென்று முன்பே வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட்டில் கிடையாது. இருவராக அடிக்கடி போவீர்கள் என்றால் டூ டுகெதர் ரெயில்கார்டு ஆண்டுக்கு 35 பவுண்ட், மூன்றில் ஒரு பங்கு கழிவு. மூன்று பேர் முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால் குரூப்சேவ் அதே கழிவை அட்டையே இல்லாமல் தருகிறது.

7. பையில் இருக்க வேண்டியவை, வழியில் கவனிக்க வேண்டியவை

மாற்று டியூப் ஒன்று, டயர் கழற்றும் நெம்புகோல்கள், சிறு பம்பு. டியூப் வாங்கும்போது வால்வைப் பாருங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வும் கார் டயரில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடர் வால்வும் ஒன்றுக்கொன்று மாறாது, பம்பும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். வீட்டிலேயே ஒருமுறை டியூப் மாற்றிப் பழகுங்கள். ஃபென்ஸ் நடுவில் கடை இல்லை, ஆளும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலங்கி, சைக்கிள் மணி.

மூடியிருந்த கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். திறந்தே இருந்தால் அப்படியே விடுங்கள். பின்னாலிருந்து குதிரையை நெருங்கும்போது மணி அடிக்காமல் தூரத்திலிருந்தே குரல் கொடுங்கள், ஓட்டுபவர் கைகாட்டிய பிறகு மெதுவாகத் தாண்டுங்கள். ரயில் பாதையின் குறுக்கே நீங்களே கதவு திறந்து கடக்க வேண்டிய இடங்கள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. இறங்கி, இருபுறமும் பார்த்து, தள்ளிக்கொண்டு கடங்கள். ஒரு ரயில் போனதும் எதிர்த்திசையில் இன்னொன்று வரலாம்.

தெட்ஃபர்ட் காட்டில் லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் இருக்கின்றன. புல்லில் உட்கார்ந்திருந்தால் வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறத்தையும் இடுப்பையும், குழந்தைகளுக்குத் தலைமுடியின் ஓரத்தையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமலும் நசுக்காமலும் நேராக இழுத்து எடுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததையும் எங்கே போயிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.